பிரைவசிக்குத் தமிழில் எந்தச் சொல்? இடம் பார்த்துத் தேர்வு செய்ய ஓர் ஒப்பீடு

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: பிரைவசி என்று வந்தால் தமிழில் என்ன போடுவது? ஒருவர் கைபேசிச் செயலியின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருப்பார். இன்னொருவர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிச் செய்தி எழுதுவார். வேறொருவர் கையில் மருத்துவமனை ஒப்புதல் படிவம் இருக்கும், மற்றொருவருக்கு வெப் சீரிஸ் வசனம். அகராதியைத் திறந்தால் எல்லோருக்கும் கிடைப்பது ஒரே வரிசைதான்: தனியுரிமை, அந்தரங்கம், தனிமை, ரகசியம். எதை எங்கே எடுப்பது என்று அகராதி சொல்வதில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே சொல்லைத் தேடுவதால்தான் இந்தச் சிக்கல் தீராமல் இருக்கிறது. சட்டத்துக்கும் கொள்கை அறிக்கைக்கும் தனியுரிமை போதும். குடும்ப வாழ்க்கை, காதல், கடிதம் பற்றிய பேச்சுக்கு அந்தரங்கம், அதையும் பார்த்துத்தான் போட வேண்டும். மீதி இடங்களில், அதாவது பெரும்பாலான இடங்களில், அந்தப் பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு, யார் எதைப் பார்க்கக் கூடாது என்று நேராகச் சொல்வதே மேல்.

இது ஏதோ நடை பற்றிய சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் தகவலைக் கேட்கும் நிறுவனங்கள் அதற்கான ஒப்புதல் கோரிக்கையைத் தெளிவான, எளிய மொழியில் வைக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் வைத்தால் போதாது. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் அதைப் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. ஆகவே வங்கி, கடன் செயலி, மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் இப்படிப்பட்ட தமிழ் வாசகங்கள் வரப்போகின்றன. அவற்றைப் படிப்பவர் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரிந்து கையெழுத்துப் போடுவதும் புரியாமல் போடுவதும் நாம் தேர்ந்தெடுக்கும் சொல்லைப் பொறுத்தது.

## அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன இருக்கின்றன

ஆங்கிலத்திலேயே இது ஒரு பொருளோடு நிற்கும் சொல் இல்லை. 1890இல் அமெரிக்க வழக்கறிஞர்கள் சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைஸும் ஹார்வர்ட் சட்ட இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தச் சொல்லைச் சட்ட உலகத்துக்குள் கொண்டுவந்தது. நொடியில் படம் பிடிக்கும் கேமராவும் வம்பு பரப்பும் செய்தித்தாளும் வீட்டு விஷயத்தை வெளியே இழுக்கின்றன என்பது அவர்கள் கவலை. ‘தன்னைத் தன் போக்கில் விடும்படி கேட்கும் உரிமை’ என்ற பொருளில் நீதிபதி தாமஸ் கூலி என்பவர் ஆண்ட தொடரை எடுத்து அவர்கள் வாதத்தைக் கட்டினார்கள்.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1960இல், வில்லியம் பிராசர் என்ற சட்ட அறிஞர் அமெரிக்க வழக்குகளை ஆராய்ந்துவிட்டு, இதற்குள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடத்தக்க நான்கு தனித்தனித் தீங்குகள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டினார். ஒருவரின் தனி இடத்துக்குள் நுழைவது, அவருடைய சொந்த விஷயத்தை ஊருக்குச் சொல்வது, அவரைத் தப்பான வெளிச்சத்தில் காட்டுவது, அவர் பெயரையோ முகத்தையோ லாபத்துக்குப் பயன்படுத்துவது. நான்குக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான். ஐந்தாண்டு கழித்து, 1965இல், திருமணமான தம்பதியர் கருத்தடை முறைகளைப் பயன்படுத்தலாமா என்ற வழக்கையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே சொல்லை வைத்துத்தான் தீர்த்தது. அங்கே பிரச்சினை மறைப்பது அல்லது பார்ப்பது பற்றியதே அல்ல. என் உடல் பற்றி முடிவெடுப்பது யார் என்பது.

நம் நாட்டில் கதை வேறு மாதிரி. அரசமைப்பின் அடிப்படை உரிமைகள் பகுதியில் அந்தச் சொல்லே கிடையாது. 1954இல் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் அமர்வும், 1962இல் கரக் சிங் வழக்கில் ஆறு நீதிபதிகள் அமர்வும் அதை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. போலீஸ் கண்காணிப்பில் இருந்த கரக் சிங்கின் வீட்டுக் கதவை இரவில் போலீஸ் தட்டலாமா என்பது அந்த இரண்டாம் வழக்கில் ஒரு கேள்வி. இரவு வருகை கூடாது என்று சொன்ன நீதிமன்றம், அந்த உரிமைக்குப் பெயர் வைக்க மறுத்தது. அப்புறம் 1994இல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு: மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடலாமா? குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தை வளர்ப்பு போன்றவற்றைப் பிறர் தலையீடு இல்லாமல் காத்துக்கொள்ளக் குடிமகனுக்கு உரிமை உண்டு. ஆனால் நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிட யார் அனுமதியும் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. கடைசியாக 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். அந்தத் தீர்ப்பில் நீதிபதி நரிமன் மூன்று கிளைகளைக் காட்டுகிறார்: உடல், தகவல், தேர்வு.

நமக்குப் பயன்படும் பிரிப்பு இதுதான். என் வேலைக்காக இதோடு இடத்தையும் பேச்சையும் சேர்த்து ஐந்தாக வைத்துக்கொள்கிறேன்: உடல் மறைப்பு, இருக்கும் இடம், பேச்சும் கடிதமும், தகவல், சொந்த முடிவு. கையில் இருக்கும் ஆங்கில வாக்கியம் இவற்றில் எதைப் பேசுகிறது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு. முதலாவது, படிப்பவருக்கு ஒரே வாசிப்பில் புரிகிறதா. இரண்டாவது, அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறு பொருள், வேறு வாடை என்ன. மூன்றாவது, அது வாக்கியத்தில் வளைகிறதா: ‘மீறுவது’, ‘கொள்கை’, ‘உரிமை’ என்று எதோடு சேர்த்தாலும் நிற்க வேண்டும். நான்காவது, ஆவணம் முழுக்க ஒரே சொல்லை வைத்துக்கொள்ள முடியுமா. இந்த நான்காவது, சட்ட வாசகத்துக்குத்தான் உயிர். கதைக்கும் வசனத்துக்கும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

## தனியுரிமை

இன்று கணினித் தமிழில் நிலைத்துவிட்ட சொல் இது. கூகுள் போன்ற நிறுவனங்களின் தமிழ்ப் பக்கங்களில் ‘தனியுரிமைக் கொள்கை’ என்றே பார்க்கிறோம். கைபேசியில் தமிழை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கண் பழகிய சொல். ஆபாச வாடை எதுவும் இல்லை, மேடையிலும் நீதிமன்றத்திலும் கூச்சமில்லாமல் சொல்லலாம். ‘தனியுரிமை மீறல்’, ‘தனியுரிமைப் பாதுகாப்பு’ என்று நன்றாக ஒட்டும். சட்டக் கட்டுரைக்கும் கொள்கை அறிக்கைக்கும் இதைவிட நல்ல சொல் இப்போது கையில் இல்லை.

ஆனால் மூன்று இடங்களில் இது கழுத்தை அறுக்கும்.

ஒன்று, சொல்லுக்குள்ளேயே உரிமை உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது ஒரு நிலை. அந்த நிலைக்கு உரிமை உண்டு என்று தனியே சொல்வார்கள். தமிழில் அப்படிச் சொல்லப் போனால் ‘தனியுரிமைக்கான உரிமை’ என்று வந்து நிற்கும். ‘தனியுரிமை அடிப்படை உரிமையே’ என்று எழுதித் தப்பிக்கலாம், தலைப்புக்கு அது போதும். ஆனால் நிலையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் தப்பிக்க வழியில்லை. ‘இந்த அறையில் தனியுரிமை இல்லை’ என்று எழுதிப் பாருங்கள். சொத்துத் தகராறு மாதிரி இருக்கும்.

இரண்டு, இதே சொல்லுக்கு வேறு வேலையும் இருக்கிறது. ஒருவருக்கு மட்டுமே உள்ள உரிமை, ஏகபோகம் என்ற பொருளிலும் தனியுரிமை வரும். கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதுகிறவர்கள், மூல நிரலைப் பூட்டி வைத்திருக்கும் மென்பொருளைத் தனியுரிம மென்பொருள் என்கிறார்கள். அப்படியானால் ‘தனியுரிம மென்பொருள் உங்கள் தனியுரிமைக்கு ஆபத்து’ என்ற வாக்கியத்தை என்ன செய்வது? தொழில்நுட்பக் கட்டுரையில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரவே செய்யும். அங்கே முதலாவதை ‘மூடிய மென்பொருள்’ என்று மாற்றிவிடுவது நல்லது.

மூன்று, எழுத்தில் மட்டும் வாழும் சொல். மாமியாரோடு ஒரே அறையில் படுக்க வேண்டியிருக்கும் புது மருமகள் ‘எங்களுக்குத் தனியுரிமை வேண்டும்’ என்று சொல்லவே மாட்டாள். வசனத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தாலே மொழிபெயர்ப்பு என்று தெரிந்துவிடும்.

## அந்தரங்கம்

தமிழில் நெடுநாள் புழங்கிய சொல், ஆழமான சொல். ‘அந்தரங்க சுத்தியோடு சொல்கிறேன்’ என்று பழைய தலைமுறை எழுதியபோது அதற்கு உள்மனத் தூய்மை என்று பொருள். அந்தரங்கக் காரியதரிசி என்றால் நம்பிக்கைக்குரிய செயலாளர். அந்தரங்கக் கடிதம் என்றால் பெயர் போட்டவர் மட்டும் பிரிக்க வேண்டியது. ஒருவரின் உள்வாழ்க்கை, பிறர் கை வைக்கக் கூடாத இடம் என்ற உணர்வு இதில் முழுசாக இருக்கிறது. அந்த உணர்வு தனியுரிமையில் கொஞ்சமும் இல்லை.

நாளிதழ்களும் பத்திரிகைகளின் கேள்வி-பதில் பகுதிகளும் இந்தச் சொல்லை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டுபோய்விட்டன. அந்தரங்க உறுப்பு, அந்தரங்க வீடியோ, அந்தரங்கச் சந்தேகம் என்றே இளையவர்கள் இதைக் கேட்டு வளர்கிறார்கள். ஆகவே வங்கிப் படிவத்தில் ‘உங்கள் அந்தரங்கத் தகவல்கள் எங்களிடம் பாதுகாப்பாக இருக்கும்’ என்று எழுதினால், படிப்பவர் ஒரு நொடி திடுக்கிடுவார். கேட்டது பான் எண்ணும் பிறந்த தேதியும்தான். அங்கே ‘சொந்தத் தகவல்’ அல்லது ‘தனிப்பட்ட தகவல்’ என்றால் தீர்ந்தது.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. ஒருவர் நாட்குறிப்பை இன்னொருவர் திறந்து படிக்கிறார், கணவன் மனைவியின் பேச்சை ஒட்டுக்கேட்கிறார்கள், பிரபலம் ஒருவரின் பிரிவை ஊடகம் கிளறுகிறது. இங்கெல்லாம் ‘தனியுரிமை மீறல்’ என்றால் கட்டணம் கட்டி நிவர்த்தி செய்துகொள்ளலாம்போல் இருக்கும். ‘அந்தரங்கத்தில் நுழைவது’ என்றால்தான் அந்தக் காயம் தெரிகிறது. 2017 தீர்ப்பு வந்தபோது ‘அந்தரங்க உரிமை’ என்று எழுதியவர்களும் உண்டு. உரிமை என்ற சொல் அதில் வெளியே நிற்பதால் இரட்டிப்புச் சிக்கல் வராது. அந்த ஒரு காரணத்துக்காக அதை நான் மதிக்கிறேன். ஆதாரும் கைரேகையும் பற்றிய விவாதத்துக்கு அது இடுக்கமாகிவிடுகிறது என்பதால் தயங்குகிறேன்.

அகப்பாட்டு மரபை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. அகத்திணையில் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவன், தலைவி, தோழி என்றே பாட வேண்டும். காதல் யாருடையது என்று தெரியக் கூடாது. அதைவிட நுணுக்கமான ஒன்று நெடுநல்வாடையில் இருக்கிறது. பாட்டில் அரசனின் பெயர் இல்லை. ஆனால் வேலில் வேப்பம் பூமாலை கட்டியிருப்பதாக ஒரு வரி வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். அந்த ஒரு குறிப்பால் ஆள் யாரென்று தெரிந்துவிடுவதால் இது அகம் ஆகாது, புறம் என்று நச்சினார்க்கினியர் உரை செய்தார். பெயரை நீக்கிவிட்டாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் குறிப்பு இருந்தால் அது அவரைப் பற்றிய தகவல்தான் என்பதே 2023 சட்டத்தில் தனிநபர் தரவுக்குத் தரப்பட்டிருக்கும் விளக்கமும். இந்தக் கருத்து நமக்கு அந்நியம் என்று நினைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். இதற்கென்று பெயர்ச்சொல் ஒன்றை அந்த மரபு வைத்துக்கொள்ளவில்லை. மீறலுக்குச் சொல் வைத்திருந்தது: அம்பல், அலர். நாலு பேர் முணுமுணுத்தால் அம்பல், ஊரே பேசினால் அலர். திருக்குறளில் அலருக்கென்று ஓர் அதிகாரமே உண்டு.

## தனிமை

இதை ஒதுக்கிவிடலாம். தனிமை என்றால் ஆள் துணை இல்லாத நிலை; பெரும்பாலும் வருத்தம் கலந்தது. 2020க்குப் பிறகு தனிமைப்படுத்தல் என்ற சொல் வேறு சேர்ந்துகொண்டது. கதவில் ஒட்டிய சீட்டும் அடைத்த தெருவும் நினைவுக்கு வரும். ‘முதியோருக்குத் தனிமை வழங்கப்படும்’ என்று ஒரு முதியோர் இல்லத்தின் கையேட்டில் எழுதினால் யாராவது அப்பா அம்மாவை அங்கே சேர்ப்பார்களா? காதலர்கள் தனிமையில் சந்திக்கிறார்கள் என்ற ஓர் இடத்தில் மட்டும் இது இயல்பாக நிற்கும்.

## ரகசியம்

பேச்சுத் தமிழுக்கு மிக நெருக்கம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருத்துவர், வழக்கறிஞர், வங்கி போன்ற இடங்களில், நம்பிச் சொன்னதை வெளியே சொல்ல மாட்டோம் என்ற உறுதிக்கு இதுவே சரி. அமைச்சர்கள் எடுப்பது ரகசியக் காப்புப் பிரமாணம். அங்கே பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்திலும் அதற்கு வேறு சொல்தான்.

பிரைவசிக்கு இதை வைப்பதில் மறைந்திருக்கும் செலவு பெரிது. குளிப்பது ரகசியம் இல்லை, எல்லோரும் குளிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். சாத்துகிற அந்த உரிமையைத்தான் நீதிமன்றம் பேசியது. அதை ‘தனிமனித ரகசியம்’ என்று தலைப்பில் போட்டால், மறைக்க ஏதோ இருக்கிறவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் விழுந்துவிடும். ‘தப்புப் பண்ணாதவனுக்கு எதுக்குப் பயம்?’ என்பது இந்த உரிமைக்கு எதிராக எப்போதும் வைக்கப்படும் வாதம். நம் சொல்லே அந்த வாதத்துக்குத் துணை போகக் கூடாது. கண்காணிப்பு, தொலைபேசி ஒட்டுக்கேட்பு, ஆதார் பற்றிய எந்தக் கட்டுரையிலும் இந்தச் சொல்லை நான் அனுமதிப்பதில்லை.

## பிரைவசி என்றே விடுவது

‘இந்த வீட்டுல பிரைவசியே இல்ல’ என்று சென்னையிலும் மதுரையிலும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். கதை வசனம், நேர்காணல், பாட்காஸ்ட் எழுத்தாக்கம் ஆகியவற்றில் பேசியவர் இதைச் சொல்லியிருந்தால் மாற்றக் கூடாது. மாற்றினால் அவர் குரல் போய்விடும். வெப் சீரிஸ் வசனத்துக்கும் இதுவே முதல் தேர்வு, அதுவும் நகரத்துப் பாத்திரமானால்.

படிவத்துக்கும் சட்டத்துக்கும் சரிப்படாது. சொல்லைக் கேட்டிருக்கும் பலருக்கும் அது தனி அறை, கதவு, திரை என்ற அளவில்தான் தெரியும். ‘உங்கள் பிரைவசி பாதுகாக்கப்படும்’ என்று ஒரு கடன் செயலி சொன்னால், தன் தொடர்பு எண்களை எடுத்துக்கொண்டு போய் உறவினர்களை அழைத்து மிரட்ட மாட்டார்கள் என்ற உறுதி அதில் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. பழகிய ஒலி என்பதால் புரிந்துவிட்டது என்று தோன்றும்; அதுதான் இதில் ஆபத்து.

## பெயர்ச்சொல்லைக் கலைத்துவிட்டு வினையால் சொல்வது

நான் அதிகமாகப் பரிந்துரைப்பது இதைத்தான். ஆங்கிலம் பண்புப் பெயர்களை எழுவாயாக நிறுத்திப் பேசும் மொழி. தமிழில் ஆள் வேண்டும், வினை வேண்டும். யார், எதை, எப்போது செய்ய மாட்டார் என்று வந்துவிட்டால் வாசகருக்குச் சந்தேகமே இருக்காது.

மருத்துவமனைப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘பரிசோதனையின்போது நோயாளியின் பிரைவசி மதிக்கப்படும்’ என்று ஒரு வரி. ‘தனியுரிமை மதிக்கப்படும்’ என்று போட்டால் இலக்கணம் சரி, பொருளும் அகராதிப்படி சரி. வயிற்று வலியோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயது அம்மாவுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ‘பரிசோதிக்கும்போது திரை போடுவோம். பெண் ஊழியர் ஒருவர் கூடவே இருப்பார். உங்கள் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் உள்ளே வர மாட்டார்கள்’ என்று எழுதினால் அவருக்கு நிம்மதி. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: எழுதிக் கொடுத்ததை மருத்துவமனை செய்தாக வேண்டும். பெண் ஊழியர் இல்லாவிட்டால் அவர் கேட்கலாம். ‘மதிக்கப்படும்’ என்பதை வைத்துக்கொண்டு எதைக் கேட்பது?

செயலி அமைப்புப் பக்கத்திலும் இதே வழி நடக்கும். பக்கத்தின் தலைப்பு ‘தனியுரிமை’ என்று இருக்கட்டும். கண் பழகிவிட்டது, இடமும் குறைவு. ஆனால் அதன் கீழே வரும் ஒவ்வொரு பொத்தானையும் கேள்வியாக மாற்றிவிடலாம். ‘சுயவிவரப் படத் தனியுரிமை’ என்பதற்குப் பதில் ‘உங்கள் படத்தை யார் பார்க்கலாம்?’ என்று கேட்டு, ‘எல்லோரும், எனக்குத் தெரிந்தவர்கள், யாரும் வேண்டாம்’ என்று மூன்று விடை தந்தால் பள்ளிப் பிள்ளையும் பாட்டியும் தாங்களே முடிவெடுப்பார்கள்.

சொந்த முடிவு என்ற கிளைக்கு இந்த வழிதான் ஒரே வழி என்றும் சொல்வேன். யாரைத் திருமணம் செய்வது, பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பவற்றை அமெரிக்கத் தீர்ப்புகளைப் பற்றி எழுதும்போது தனியுரிமை என்று போட்டால் வாசகர் தகவல் திருட்டு என்று எடுத்துக்கொள்வார். 1973இல் கருக்கலைப்பு உரிமையைத் தந்த தீர்ப்பும் 2022இல் அதை நீக்கிய தீர்ப்பும் இந்தச் சொல்லைச் சுற்றியே வாதிட்டன. ‘தன் உடல் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை’ என்று விரித்து எழுதி, ஆங்கிலச் சட்டத்தில் அதைப் பிரைவசி என்றே அழைக்கிறார்கள் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் கட்டுரை தெளிவாகிவிடும்.

இதற்கும் விலை உண்டு. வரி நீளும், கைபேசித் திரையில் இடம் போதாது. அதைவிட முக்கியம், சட்ட வாசகத்தை இப்படிக் கலைக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. மூலத்தில் பொதுவாக விட்டிருப்பதை நீங்கள் திரை, பெண் ஊழியர் என்று குறிப்பாக்கினால், இல்லாத வாக்குறுதியை உண்டாக்குகிறீர்கள். ஆகவே படிவத்தை எழுதித் தரச் சொன்னவரிடம் ‘இங்கே நீங்கள் உண்மையில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டாக வேண்டும். சிலர் பதில் சொல்லத் திணறுவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதும் மொழிபெயர்ப்பாளர் வேலைதான் என்று நான் நம்புகிறேன்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே சரி | எங்கே கூடாது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| தனியுரிமை | சட்டம், கொள்கை அறிக்கை, அமைப்புப் பக்கத் தலைப்பு | வசனம், அறை, உடல் | ஏகபோகம் என்ற பொருள். உரிமை இரண்டு முறை வருவது |
| அந்தரங்கம் | நாட்குறிப்பு, கடிதம், இல்லற வாழ்க்கை, ஊடக நெறி | வங்கி, ஆதார், செயலி | பாலியல் வாடை |
| தனிமை | காதலர் சந்திப்பு | மற்ற எல்லா இடமும் | துயரம், நோய்த்தொற்று நினைவு |
| ரகசியம் | மருத்துவர், வழக்கறிஞர் தரும் உறுதி | கண்காணிப்பு, அடிப்படை உரிமை | மறைக்க ஏதோ இருப்பதான சாயல் |
| பிரைவசி | வசனம், நேர்காணல் | படிவம், சட்டம் | புரிந்ததுபோன்ற மயக்கம் |
| வினையால் விரிப்பது | படிவம், பொத்தான், பொது அறிவிப்பு, சொந்த முடிவு பற்றிய கட்டுரை | சட்ட மூலம் | நீளம். மூலத்தில் இல்லாத வாக்குறுதி |

## கலந்து வரும் இடங்களில்

உண்மையான வேலையில் ஒரே பக்கத்தில் பல கிளைகள் கலந்து வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 2005 சட்டத்தின் 8(1)(ஒ) என்று தமிழில் எழுதுவதா, ஆங்கில வரிசை எழுத்தை ஒட்டி 8(1)(ஜே) என்று எழுதுவதா என்பதே ஒரு சிக்கல். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், மனுப் போடுபவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பிரிவு, ஒருவரின் பிரைவசியில் தேவையில்லாமல் நுழைவதாக இருக்கும் தகவலைத் தர வேண்டியதில்லை என்றது. பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்றும் சொன்னது. 2023 தரவுச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த வாசகத்தைச் சுருக்கி, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று ஆக்கிவிட்டது.

இந்த மாற்றத்தைத் தமிழில் விளக்கும்போது சொல் தேர்வு வாதத்தையே மாற்றிவிடும். பழைய வாசகத்துக்கு ‘தனிப்பட்ட தகவல்’, புதியதற்கும் ‘தனிப்பட்ட தகவல்’ என்று போட்டால் என்ன மாறியது என்றே வாசகருக்குத் தெரியாது. பழையதை ‘ஒருவரின் தனியுரிமையில் தேவையின்றி நுழைவது’ என்றும், புதியதை ‘ஒருவரைப் பற்றிய தகவல்’ என்றும் பிரித்து எழுதுங்கள். அப்போது தெரியும்: முன்பு அலுவலர் ‘இதை வெளியிட்டால் இவருக்கு என்ன பாதிப்பு?’ என்று எடை போட்டாக வேண்டும். இப்போது இந்தப் பிரிவின்படி அந்தத் தகவல் ஓர் ஆளைப் பற்றியதா என்று மட்டும் பார்த்தால் போதும். ரேஷன் கடைப் பட்டியலையும் நூறு நாள் வேலைப் பதிவையும் கேட்டு மனுப் போடுபவருக்கு இந்த வேறுபாடு பெரிய வேறுபாடு.

இலங்கை வாசகருக்காக எழுதினால் இன்னொரு கவனம் தேவை. அங்கே தமிழ் ஆட்சிமொழி. சட்டங்கள் தமிழிலும் வெளியாகின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் அங்கே 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டத்தைக் குறித்து எழுதும்போது அதன் தமிழ் வாசகத்தில் உள்ள சொல்லை அப்படியே ஆளுங்கள், தமிழ்நாட்டுச் செயலிகளில் பார்த்த சொல்லைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். தவிர, தமிழ்நாட்டில் பிரைவேட் என்று சொல்லும் பல இடங்களில் அங்கே பிரத்தியேகம் என்பார்கள்; டியூஷன்கூட அங்கே பிரத்தியேக வகுப்புதான். இரு நாட்டுக்கும் ஒரே பிரதி போவதானால் வினையால் விரித்து எழுதும் வழிதான் குறைந்த சேதம் தரும். ‘உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் எண்ணை வேறு யாருக்கும் தர மாட்டோம்’ என்பது யாழ்ப்பாணத்திலும் கோயம்புத்தூரிலும் ஒன்றாகவே புரியும்.

குழுவாக வேலை செய்பவர்கள் வேலை தொடங்கும் முன்பே சொற்பட்டியலில் இந்த ஒரு சொல்லுக்கு ஒரு வரிக்குப் பதில் ஐந்து வரி ஒதுக்குங்கள்: உடல், இடம், பேச்சு, தகவல், முடிவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மாதிரி வாக்கியம் இருக்கட்டும், வெறும் சொல் வேண்டாம். சரிபார்ப்பவர் பிறகு வந்து எல்லாவற்றையும் தேடி மாற்றி ஒரே சொல்லாக்கிவிடாமல் இருக்க, ‘இங்கே சீர்மை தேவையில்லை’ என்று அதே பட்டியலில் குறித்து வையுங்கள்.